டவுன் சுவரில் 200 வருடத்தை வரையப் போகிறோம், பார்த்துச் சொல்லுங்கள்

நிரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் – நுவரெலியா வீதியில், எங்கள் டவுனுக்குள் நுழையும் வளைவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. 60 அடி நீளம், 9 அடி உயரம். இத்தனை நாளும் டியூஷன் போஸ்டரும் மரண அறிவித்தலும் ஒட்டிய இடம். அதை எங்கள் இளைஞர் குழுவிடம் கொடுத்து, மலையகத்தின் வரலாறும் வளர்ச்சியும் என்ற தலைப்பில் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பெயின்ட் செலவை ஓர் அனுசரணையாளர் ஏற்கிறார். வரைவது நாங்கள் ஏழு பேர். ஒருவர்தான் ஓவியம் படித்தவர். மற்ற ஆறு பேரும் 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் படம் வரைந்தார்களே, அப்போது பிரஷ் பிடித்தவர்கள்.

இடமிருந்து வலமாக ஆறு கட்டம், ஒவ்வொன்றும் 10 அடி. முதலாவது: 1823, தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் தமிழ் மக்கள், முதுகில் கொழுந்துக் கூடை. இரண்டாவது: காடு வெட்டித் தேயிலை நடுவது, பக்கத்தில் ஜேம்ஸ் டெய்லர். மூன்றாவது: ஒன்பது வளைவுப் பாலத்தில் புகை விட்டுக்கொண்டு கோச்சி (ரயில்), கீழே 1867. நான்காவது: தலைவர்கள். ஐந்தாவது: சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கும் பெண், ஆள் உயரத்துக்கும் மேலே. ஆறாவது: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, புது வீடு, கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் சூரியன்.

பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். சுவரில் ஏறிய பிறகு அழிக்கக் காசில்லை.

மாத்தளை ரோட்டு:

தம்பி, முதல் கட்டத்திலேயே இரண்டு பிழை.

1823-இல் கொழுந்துக் கூடைக்கு வேலையே இல்லை. அது கோப்பிக் காலம். கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜார்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1824. டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867. நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல் நம் ஆட்கள் பார்த்ததெல்லாம் சிவப்புப் பழம்தான். 1869-இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி முடிந்துவிட்டது. அப்புறம்தான் எல்லாரும் தேயிலைக்கு மாறினார்கள்.

இது சும்மா செடி மாறிய கதை என்று நினைக்காதீர்கள். கோப்பிக்கு ஒரு பருவம் உண்டு. பழம் பறிக்கிற மாதங்களுக்கு ஆள் வரும், முடிந்ததும் சம்பளத்தை முடிந்துகொண்டு ஊருக்கே திரும்பும். வந்தவர்களில் பெரும்பாலும் ஆம்பிளைகள். தேயிலைக்குப் பருவம் கிடையாது, வாரத்துக்கு ஒரு தடவை அதே செடியில் கை வைக்க வேண்டும். அதனால் குடும்பத்தோடு ஆள் தேவைப்பட்டது. லயம் (தோட்டத்து வரிசைக் காம்பரா) வீடாக மாறியது இப்படித்தான். இந்த மாற்றத்தைக் காட்டாமல் விட்டால் மக்கள் ஏன் இங்கேயே தங்கினார்கள் என்ற கேள்விக்குச் சுவரில் பதில் இருக்காது.

இரண்டாவது பிழை அந்தக் கப்பல். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஸ்டீமர் ஓடத் தொடங்கியதே 1914-இல். வாந்திபேதியும் காய்ச்சலும் வந்து வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டுத்தான் மிச்சப் பேர் நடந்தார்கள். 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நினைவு நடைபயணம் போனார்களே, நான் கடைசி இரண்டு நாள் மட்டும் சேர்ந்து நடந்தேன். தார் ரோடு, காலில் சப்பாத்து, வழிநெடுகத் தண்ணீர் கொடுக்க ஆட்கள். அதற்கே எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது.

கப்பலை அழித்துவிட்டு நடக்கிற கால்களைப் போடுங்கள்.

கடைசிப் பெட்டி:

கோச்சி விஷயத்தில் என்னைக் கேட்காமல் யாரும் பேசக்கூடாது.

1867 என்பது கொழும்பிலிருந்து கண்டிக்குக் கோச்சி வந்த வருடம். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில், ஊவாவில் இருக்கிறது. அதைக் கட்டி முடித்தது 1921. பாதை பதுளையைத் தொட்டது 1924. நீங்கள் போட்டிருக்கிற கோச்சி 54 வருடம் முன்னாலேயே பாலத்தில் ஏறிவிட்டது! நாவலப்பிட்டி 1874, ஹட்டன் 1884, நானுஓயா 1885. உங்கள் டவுன் வழியாகப் போகிற பாதைக்கு இந்த 1884, 85-தான் சரி.

இன்னொன்று. பாலம் ஏற்கெனவே எல்லா ஹோட்டல் சுவரிலும் ரீசேர்ட்டிலும் இருக்கிறது. பாதை மலைக்கு ஏறியதே கோப்பியையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கத்தான். கோச்சியை வரைகிறீர்கள் என்றால் சாமான் பெட்டியை வரையுங்கள், தேயிலைப் பெட்டி ஏற்றுகிற ஆளோடு.

சுண்ணாம்பு வாத்தியார்:

நான் பதுளைப் பக்கம் சித்திரம் படிப்பிக்கிறேன். நான்கு பாடசாலைச் சுவரும் ஒரு பஸ் தரிப்பிடமும் செய்திருக்கிறேன். வரலாற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

தடுப்புச் சுவர் என்றால் பின்னால் மண், மண்ணுக்குள் தண்ணீர். தண்ணீர் வெளியே வரச் சுவரில் குழாய் ஓட்டை விட்டிருப்பார்கள். படம் அழகாக வரவேண்டும் என்று அதைச் சீமெந்து போட்டு அடைத்துவிடாதீர்கள். படம் மட்டுமில்லை, ஒரு மழையில் சுவரே கீழே வரும். ஓட்டைகளை முதலில் அளந்து தாளில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற மாதிரிப் படத்தை அமைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இதைக் கவனிக்காமல் ஒரு பெரிய மனிதரின் முகத்தை வரைந்தார்கள். ஓட்டை சரியாக மூக்குக்குக் கீழே வந்துவிட்டது. மாரி முழுக்க அவருக்குச் சளி. ஊர்ப் பிள்ளைகள் அந்தத் தரிப்பிடத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

அப்புறம், பாசியைக் கம்பி பிரஷ்ஷால் உரசி, பிளீச்சிங் தூள் கரைத்துக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். உங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேல் மழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேரத்துக்குப் பின்னேரம் இடி மழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் உள்ள வெயிலைப் பிடியுங்கள். ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கிற உப்பு வெள்ளையாகப் பூத்து, அடுத்த வருடம் தோல் தோலாக உரியும். வெளிச்சுவருக்கான சீலர் ஒரு கோட், வெள்ளை இரண்டு கோட், அதற்கு மேலேதான் படம். 540 சதுர அடிக்கு அந்த வெள்ளைக்கே பத்து லிட்டர் போகும், சுவர் சொரசொரப்பு என்றால் இன்னும் கூடும். அனுசரணையாளரிடம் முதலில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கலர் பெயின்டுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு விலகுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டவுன்பக்கம்:

எல்லாரும் சோகத்தையே கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

எனக்கு டவுனில் கடை. அந்த வளைவைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் காலையில் பார்ப்பது செத்த உடம்பும் ஒப்பாரியுமாக இருக்க வேண்டுமா? நம் அப்பன் பாட்டன் பட்டது நமக்குத் தெரியும். இன்றைக்கு நம் பிள்ளைகளில் டொக்டர் இருக்கிறார்கள், லோயர் இருக்கிறார்கள், பேராசிரியர் இருக்கிறார்கள். லயத்தில் பிறந்து கெம்பஸ் போனவனின் கதையும் வரலாறுதானே? கடைசிக் கட்டத்தில் சூரியன் வந்தால் என்ன குறைந்துவிடும்? வெளியூர்க்காரன் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்தால் பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடிப்பான். அதுவும் டவுனுக்கு நல்லதுதான்.

கொழுந்துமடுவம்:

அண்ணன், உங்களை அடிக்க வரவில்லை. டொக்டர் பிள்ளையை வரைய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. அந்தப் பிள்ளை எங்கிருந்து கெம்பஸுக்குப் போனது? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவிலிருந்து. அம்மாவும் அப்பாவும் தம்பியும் தூங்கிய பிறகு குப்பி விளக்கில் படித்துவிட்டுப் போனது. காம்பராவை வரையாமல் கம்ப்யூட்டரை மட்டும் வரைந்தால் ஏதோ வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். இன்னும் எத்தனை குடும்பம் அதே லயத்தில் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். 7 பேர்ச் காணியும் வீடும் தருவதாகச் சொல்லி எத்தனை வருடம் ஆகிவிட்டது! எங்கள் டிவிஷனில் வந்தது இருபது வீடு, மிச்சப் பேர் தகரத்துக்கு மேல் கல் வைத்துக்கொண்டு இருக்கிறோம்.

நான் ஆறு வருடம் மலையில் கொழுந்து பறித்தவள். இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. படத்தில் எனக்கு ஒன்று கட்டாயம் வேண்டும்: தராசு. ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு, முற்றல் இலைக்கு என்று கழிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். 17 கொண்டுபோனால் அரைப்பேர். அந்த ஒரு கிலோவுக்காகத் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கிற முகம் இருக்கிறதே, அதைத்தான் ஐந்தாவது கட்டத்தில் வரைய வேண்டும். 1000 ரூபாய்க்கு எத்தனை வருடம் ரோட்டில் உட்கார்ந்தோம்! 2015-இல் கேட்டது 2021-இல்தான் வர்த்தமானியில் வந்தது. அதற்குள் சாமான் விலை எங்கேயோ போய்விட்டது.

நிரைக்காரன்:

நேற்று ஸ்கெட்ச்சை அப்பாயியிடம் காட்டினேன். அப்பாயிக்கு 78 வயது, நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். முற்றத்தில் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார்.

முதலில் கூடைக் கயிற்றைத் தொட்டார். “இது என்னா, பள்ளிக்கூடப் பையா? தோளுல மாட்டியிருக்க?” நாங்கள் இரண்டு பட்டி போட்டுத் தோளில் தொங்கவிட்டிருந்தோம். கயிறு தலையில்தான் வரும், அதற்குக் கீழே துணியை நான்காக மடித்து வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் உச்சியில் வைத்தார். முடிக்குள்ளே ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம். இத்தனை வருடம் அந்த மடியில் படுத்திருக்கிறேன், எனக்கு அது தெரியாது.

அடுத்தது கை. ஒரு கையால் பறிப்பது போல வரைந்திருந்தோம். இரண்டு கையும் வேலை செய்யும், பறித்தது உள்ளங்கையிலேயே சேரும், கை நிறைந்த பிறகுதான் தோளுக்கு மேலால் கூடைக்குப் போகும் என்று வெறுங்கையால் செய்து காட்டினார். இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி இல்லை என்றார். மழைக்குக் கொங்காணி இல்லை என்றார். காலைப் பார்த்துவிட்டு, அட்டை கடிக்கு என்ன பூசியிருக்கிறாள் என்று கேட்டார்.

கடைசியில் அந்தச் சிரிப்புக்கு வந்தார். “இப்படிச் சிரிச்சிக்கிட்டே நின்னா இவ எப்ப பேரு எடுக்கிறது?”

ஐந்தாவது கட்டத்தை முழுக்க மாற்றுகிறோம். தராசு வருகிறது. அக்கா, நீங்கள் சொன்ன முகத்தை வரைய உங்கள் படம் ஏதாவது கிடைக்குமா?

கொழுந்துமடுவம்:

என் படம் வேண்டாம் தம்பி, ஊரில் சிரிப்பார்கள். அப்பாயியை வரையுங்கள்.

கம்பளைக்காரி:

எல்லாரும் மறந்த ஒன்றைச் சொல்லலாமா? உங்கள் இரண்டாவது கட்டத்தில் வெள்ளைக்காரன் வெறும் காட்டை வெட்டுகிறான். அது வெறும் காடு இல்லை. மலைக்குக் கீழே கண்டிச் சிங்களக் கிராமங்கள் இருந்தன. கிராமத்து ஆட்கள் காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்ததும் மாடு மேய்த்ததும் அந்தக் காட்டில்தான். 1840-இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காணியெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று சொல்லி எடுத்துத் தோட்டக்காரருக்கு விற்றார்கள். 1848-இல் மாத்தளையில் கலகம் வெடித்ததற்குப் புது வரிகளோடு இதுவும் ஒரு காரணம். கலகத் தலைவர் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றது அந்த வருடம் ஓகஸ்ட் 8.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சிங்கள அயலவர்கள் நம்மைப் பார்த்து, எங்கள் காணியை எடுத்தவர்கள் என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எடுத்தவன் ஒருத்தன், அதில் வேலை செய்ய இழுத்துவரப்பட்டவன் இன்னொருத்தன். சுவரில் அந்தக் கிராமத்து ஆளையும் ஓர் ஓரத்தில் நிறுத்துங்கள். சுவர் எல்லாருக்கும் பொது, பஸ்ஸில் போகிற சிங்களப் பிள்ளையும் தன் பாட்டனைத் தேடும்.

மாத்தளை ரோட்டு:

நல்ல பேச்சு. எனக்கு இது தோன்றவேயில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

டவுன்பக்கம்:

ஆள் கூடிக்கொண்டே போகிறது. 60 அடிதான் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். டவுனில் முஸ்லிம் கடைக்காரர், செட்டியார் கடை, பேக்கரி பாஸ் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள்!

சாமான் பெட்டி ஏற்றுகிற யோசனை எனக்கும் பிடித்தது. தலைவர்கள் கட்டத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? அதில்தான் சண்டை வரும்.

நிரைக்காரன்:

வந்துவிட்டது அண்ணன். ஸ்கெட்ச் வெளியே தெரிந்த அன்றைக்கே மூன்று தொழிற்சங்கத்திலிருந்து கோல். எங்கள் ஆளின் முகம் ஏன் சின்னது, அவர்கள் கலர் ஏன் பின்னால் இருக்கிறது என்று. பின்னால் இருந்தது வானம்.

கடைசிப் பெட்டி:

உயிரோடு இருக்கிற யாரும் வேண்டாம் என்று ஒரே சட்டம் போடுங்கள், பாதிச் சண்டை முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால் தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் போதும். அந்த அம்மா தோட்டப்புறங்களில் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர். தோட்டத் துரைமார் கூட்டத்துக்கு அனுமதி தராத காலம், பாட்டுக்கு எப்படி வேலி போடுவது? அவரைப் பாடுகிற மாதிரி வரைந்தால் முகம் போதும், பெயர்ப்பலகை தேவையில்லை.

மாத்தளை ரோட்டு:

முல்லோயா கோவிந்தன் இல்லாமல் முடியாது. 1940 ஜனவரி 10, ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டம். சம்பளத்தில் 16 சதம் கூட்டிக் கேட்ட போராட்டத்தில் நின்றவர். பொலிஸ் சுட்டது. டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணனும் வேண்டும், 1977 மே. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கப் போனபோது எதிர்த்து நின்றவர்களில் ஒருவர், அவரையும் பொலிஸ் சுட்டது. ஒருவர் 16 சதத்துக்கு, ஒருவர் காணிக்கு. இந்த இரண்டும் இல்லாத தலைவர் படம் எனக்கு வேண்டாம்.

நிரைக்காரன்:

இன்றைக்குக் கூட்டம் நடந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன், எரிச்சலில் இருக்கிறேன்.

அனுசரணையாளர் தரப்பில் வந்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். நடக்கிற கால் சரி, கோப்பி சரி, சாமான் பெட்டி சரி. தராசைக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். கோவிந்தன் வேண்டாம். துப்பாக்கி வந்தால் பொலிஸில் கேட்பார்கள். 1948-இல் நம் குடியுரிமையைப் பறித்ததும் வேண்டாம். “அது அரசியல் தம்பி.” எங்களில் ஒருத்தி கேட்டாள்: “சேர், 1823 அரசியல் இல்லையா?” அவர் சிரித்தார், பதில் வரவில்லை. கடைசியில் முடிவானது இதுதான்: வருடங்களை மட்டும் எழுதலாம், வாக்கியம் எதுவும் எழுதக்கூடாது.

எழுத்தே இல்லாமல் குடியுரிமை பறித்ததை எப்படி வரைவது? யாராவது சொல்லுங்கள்.

சுண்ணாம்பு வாத்தியார்:

எழுத்து இல்லாதது நல்லதுக்குத்தான். மூன்று மொழியில் எழுதப் போனால் தமிழில் எழுத்துப்பிழை வரும், அதற்கு ஒரு வருடம் சண்டை போட வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பெயர்ப்பலகையில் “பிரிவு” என்பது “பிரியு” ஆகி இன்னும் அப்படியே நிற்கிறது.

இப்படிச் செய்யுங்கள். 1947: ஓட்டுப் போட நிற்கிற வரிசை. வேட்டி, சேலை, இடுப்பில் பிள்ளை, முன்னால் ஒரு பெட்டி. அந்தத் தேர்தலில் நம் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடம் எடுத்தது, ஆக அந்த வரிசை கற்பனை இல்லை. பக்கத்திலேயே 1952: அதே வரிசை, அதே ஆட்கள், அதே பிள்ளை கொஞ்சம் வளர்ந்து கீழே நிற்கிறது. பெட்டியைக் காணோம். பெட்டி இருந்த இடத்தில் வெறும் சுவர். நடுவில் 1948 என்ற நான்கு இலக்கம். வருடம்தானே, அதற்கு அனுமதி இருக்கிறதே.

கோவிந்தனுக்குத் துப்பாக்கி தேவையில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கட்டும், வரிசையில் ஓர் ஆள் நிற்கிற இடம் மட்டும் காலி, அந்த இடத்தில் ஒரு தலைப்பாகை. கீழே 1940. தெரிந்தவர்கள் நிற்பார்கள், தெரியாத பிள்ளை வீட்டில் போய்க் கேட்கும்.

கொழுந்துமடுவம்:

சேர், அந்தப் பெட்டி இல்லாத வரிசையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

கூடலூர் சிலோன்காரன்:

வணக்கம். நான் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று தயக்கம். நான் இந்தியாவில், நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா வேலை செய்தார். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தோட்டங்களில் ஒன்று. இங்கே எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. அங்கே இந்தியாக்காரன் என்று சொல்லித்தானே அனுப்பினார்கள், சரி விடுங்கள்.

உங்கள் ஆறு கட்டத்தில் 1964 எங்கே? இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டது ஒக்டோபர் 30. 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974-இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பெரியப்பா அங்கேயே இருந்துவிட்டார், டயகம பக்கம். அப்பா கடைசியாக அவரைப் பார்த்தது ஹட்டன் ஸ்டேசனில். கோச்சி நகர்ந்த பிறகும் பெரியப்பா ஜன்னல் கம்பியை விடாமல் பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் கூடவே ஓடினாராம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து இங்கே.

உங்கள் சுவரில் எல்லாரும் வருகிறார்கள், யாரும் போகவில்லை. போனவர்களும் அந்த மலையில் பிறந்தவர்கள்தான்.

நிரைக்காரன்:

அண்ணன், மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்பாயியின் தங்கச்சி போனவர், கோத்தகிரிப் பக்கம் என்று மட்டும் தெரியும். கடிதம் எண்பதுகளோடு நின்றுவிட்டது. இருந்தும் ஸ்கெட்ச் போடும்போது எங்கள் ஏழு பேருக்கும் அது தோன்றவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது கட்டத்துக் கோச்சியை இரண்டாகப் பிரிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். 1884-இல் சாமான் பெட்டியோடு இறங்குகிற கோச்சி ஒன்று. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற கோச்சி இன்னொன்று. பிளாட்பாரத்தில் ஓடுகிற ஆளையும் வரைகிறோம். கடைசிக் கட்டம் பத்தடியிலிருந்து ஐந்தடி ஆகும், சூரியன் போய்விடும்.

டவுன்பக்கம்:

சூரியன் போகட்டும். கம்ப்யூட்டர் பிள்ளையை மட்டும் விட்டுவையுங்கள், அது என் மகள் மாதிரி இருக்கிறது. வெள்ளை பெயின்ட் இரண்டு வாளி நான் தருகிறேன். அனுசரணையாளரிடம் சொல்ல வேண்டாம்.

கடைசிப் பெட்டி:

இரண்டாவது கோச்சிக்கு ஜன்னலில் கம்பி எத்தனை, பெட்டி எந்த நிறம் என்று நான் தனியாக அனுப்புகிறேன். ஆவி எஞ்சின் போட்டுவிடாதீர்கள், எழுபதுகளுக்கு முன்னாலேயே மலைக்கு டீசல் வந்துவிட்டது.

சுண்ணாம்பு வாத்தியார்:

தண்ணீர் ஓட்டைகளை அளந்தாயா தம்பி? ஜன்னல்களுக்குள் ஓட்டை வருகிற மாதிரிப் பார். எப்படியும் ஒழுகத்தான் போகிறது, முகத்தில் ஒழுகாமல் பார்த்துக்கொள்.

நிரைக்காரன்:

அளந்தாகிவிட்டது சேர், பதினொரு ஓட்டை. கோச்சி வருகிற உயரத்தில் நான்கு. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுவர் உரசத் தொடங்குகிறோம். வரக்கூடியவர்கள் கம்பி பிரஷ் கொண்டுவாருங்கள், எங்களிடம் மூன்றுதான் இருக்கிறது.

கூடலூர் அண்ணன், ஒரு உதவி. பிளாட்பாரத்தில் சாமான்களையும் வரைய வேண்டும். அப்பா என்ன கொண்டுபோனார் என்று தெரியுமா?

கூடலூர் சிலோன்காரன்:

ஒரு தகர ட்ரங்குப் பெட்டி, ஓர் அம்மி, தையல் மெசின் ஒன்று, குத்துவிளக்கு. அம்மியை எதற்குச் சுமந்தீர்கள் என்று கேட்டால் அம்மா இன்றைக்கும் கோபிப்பார். பெட்டி எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. பச்சைப் பெயின்ட், மேலே வெள்ளை எழுத்தில் தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர், போகிற இடம்.

நிரைக்காரன்:

எழுத்து எந்தப் பக்கம் அண்ணன்? மூடியிலா, முன்னாலா? பெட்டியில் எழுதினால் அது வாக்கியம் இல்லை, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கூடலூர் சிலோன்காரன்:

மூடியில். இப்போதுதான் இழுத்துத் துடைத்துப் பார்த்தேன். மண்டபம் என்று எழுத வேண்டியது, எழுதினவர் ‘ண்’ விட்டுவிட்டார், ‘மடபம்’ என்று இருக்கிறது. திருத்த வேண்டாம், அப்படியே போடுங்கள்.